மார்கழியில் உறையாத எண்ணெய்

— தேங்கா எண்ணெயா? மார்கழிப் பனியில சைக்கிள் சங்கிலிக்கு தேங்கா எண்ணெ ஊத்தின ஆளு, இந்த காஞ்சிபுரத்துல மட்டும் இல்லய்யா, செங்கல்பட்டு ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்!

— மெதுவா பேசு காந்தா. மைக்கு பக்கத்துலதான் இருக்குது.

— நான் மெதுவா பேசினா, உன் சங்கிலி போடற சத்தத்துல எனக்கே கேக்காது. கரக்கு கரக்குன்னு, அச்சு ஒடைஞ்ச தறி மாதிரி இன்னா சத்தம் அது!

— இரு, ஒரு சுத்து சுத்திட்டு வந்து சொல்றேன்.

— ஏன், நின்னு சொன்னா ஆகாதா?

— நின்னா ஆட்டம் க்ளோஸ். கால் தரையில படக்கூடாது, சைக்கிள் நிக்கக்கூடாது. ஆறு நாளு, ராவும் பகலும். சோறு, தூக்கம், குளியலு, சவரம் எல்லாம் இது மேலதான்.

— சவரம் பண்ண லட்சணம் தெரியுது. ஒரு கன்னத்துல மயிரு அப்படியே இருக்குது. அதையும் பாதியில விட்டுட்டியா?

— நாவிதரு கூடவே ஓடி வந்தாரு, மூச்சு வாங்கிடுச்சு. இரு, வந்துட்டேன்.

— போய் வா மகராசா. எட்டு மாசமா உன் மூஞ்சியப் பாக்காதவ, ஒரு சுத்து பாக்காம இருக்க மாட்டேனா?

— ...வந்துட்டேன். கேளு. தேங்கா எண்ணெங்கறது ஒரு டெக்னிக்கு.

— சொல்லு.

— சாயந்தரம் ஊத்தினா சோக்கா ஓடும். சத்தமே வராது. பனி எறங்கினதுக்கு அப்பாலதான் கொஞ்சம் பேஜாரு.

— கொஞ்சமா? பல்சக்கரத்த குனிஞ்சு பாரு, வெள்ளை வெள்ளையா அப்பிக்கினு இருக்குது. மார்கழியில எங்கப்பன் கடையில தேங்கா எண்ணெய கரண்டியில வெட்டித்தானே குடுப்பாரு? அவரு உனக்கு வெறும் மாமனாரா, தாய்மாமன். அந்த எண்ணெக்கடைப் படியில உக்காந்து வேர்க்கடல தின்னு வளந்தவன் நீ. உனக்கு தெரியாது?

— தெரியும். அதுக்குத்தான் கூட்டாளிய விட்டு டீக்கடை அடுப்புல காட்டி உருக்கி உருக்கி ஊத்தறேன். அரை மணிக்கு ஒரு தபா.

— அரை மணிக்கு ஒரு தபாவா? சங்கிலிக்கு எண்ணெ ஊத்தறியா, கோயில் வெளக்குக்கு ஊத்தறியா? வழிஞ்சு சொட்டிக்கினே போவுது பாரு. சுத்தற வழி பூரா வட்டமா எண்ணெ.

— ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... பேரன்பு கொண்ட பெரியோர்களே! பாசமிகு தாய்மார்களே! காஞ்சி மாநகர் தேரடி மைதானத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு பிறந்து இரண்டாம் நாளாம் இந்த வியாழக்கிழமைக் காலை ஒன்பது மணிக்கு, நமது சைக்கிள் வீரர் தனசேகரன் அவர்கள் எண்பத்தேழு மணி நேரத்தைத் தாண்டிச் சென்றுகொண்டிருக்கிறார்! ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஏறியவர், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் மண்ணை மிதிப்பார்! வெற்றி பெற்றால், தென்னேரி அரிசி ஆலை அதிபர் உயர்திரு ஜீவந்தர நயினார் அவர்கள், புத்தம் புதிய சைக்கிள் ஒன்றும், தமது ஆலையில் நிரந்தர வேலை ஒன்றும் வழங்கக் காத்திருக்கிறார்! வாரீர்! வந்து கண்டு களிப்பீர்!

— யாருய்யா இவரு, தொண்டை கிழிய கத்தறாரு?

— உமாபதி. என் கூட்டாளி. நாடகத்துல ராஜா வேஷம் கட்டினவன்.

— தாய்மார்களேன்னாரே, இங்க நான் ஒருத்திதான் நிக்கறேன். இன்னொன்னு ஆடு.

— கூட்டம் சாயந்தரம்தான் வரும். தறியில இருந்து எழுந்து வரவேணாமா? நேத்து நல்ல கூட்டம். பொம்பளைங்களே அம்பது பேரு.

— பல்லு ரொம்ப வெளிய தெரியுது. மூடிக்கோ, பனி பட்டு வலிக்கப் போவுது.

— கயித்துக்கு உள்ள வா காந்தா. நடுவுல அந்தக் கம்பத்துகிட்ட நின்னுக்கோ. நான் சின்ன வட்டமா உன்னையே சுத்திக்கினு பேசறேன். கத்த வேணாம்.

— ஊரு பாக்கும்.

— ஆடுதானே பாக்குது?

— ...சரி. வந்துட்டேன். பக்கத்துல சுத்தாத, தலை சுத்துது. இப்ப சொல்லு. சைக்கிள் கடையில கிரீஸ் இல்லையா? சங்கிலிய அதுல முக்கியெடுத்தா ஒரு வருஷம் வாயத் தொறக்காது.

— நயினாரு போட்ட கண்டிசன் அது. அவரு ஜைனரு இல்ல? கிரீஸ்ல மாட்டுக் கொழுப்பு இருக்குதுன்னு யாரோ சொல்லிட்டாங்க. உசிர கொன்னு எடுத்தது சங்கிலியில பட்டிச்சுன்னா என் பரிசு கிடையாதுன்னு கறாரா சொல்லிட்டாரு.

— தையல் மிஷின் ஆயிலு?

— டப்பாவுல அடைச்சு வர்றது எதுலேருந்து எடுத்தாங்கன்னு யாரு கண்டாங்கன்னுட்டாரு. செக்குல ஆட்டின எண்ணெதான் போடணுமாம். மண்ணெண்ணெய மட்டும் விட்டுக்குடுத்தாரு. அது பூமியில ஊறறது, அதுல உசிரில்லைன்னு.

— அப்ப மண்ணெண்ணெய ஊத்திக்கிறது?

— ஊத்தினேனே, மொத நாளு. ஒரு மணி நேரத்துல காஞ்சுபோய் சங்கிலி கத்த ஆரம்பிச்சுடுச்சு.

— அது அழுக்க கழுவத்தான் ஆவும், வழுக்க ஆவாது. சரி, பெரிய மனுஷரு கொழுப்பு கூடாதுங்கறாரு. சனிக்கிழம உன் தோள்ல இன்னா போத்துவாரு, பட்டு சால்வையா? அதுக்கு எத்தன பூச்சிய வெந்நியில போட்டாங்கன்னு கேட்டியா?

— நானும் மடக்கினேன் அப்படி. எனக்குக் கதர்த் துண்டுதான்னு சொன்னாரு. அவங்க வூட்டுல கல்யாணத்துக்குக் கூட பட்டு கட்ட மாட்டாங்களாம். காஞ்சிபுரம் பக்கத்துல இருந்துக்கினு!

— அப்ப சொல்றதும் செய்யறதும் ஒண்ணா இருக்கிற மனுஷரு. நீ எப்படி அவருகிட்ட போய் சேந்த?

— குத்தாத காந்தா. குத்தறதுக்கா ஓரிக்கையில உங்கப்பன் வூட்டுலேருந்து நடந்து வந்த?

— நடந்து வரல, பஸ்ல வந்தேன். உன்ன மாதிரி சைக்கிளா இருக்குது எங்கிட்ட?

— எண்ணெ கொண்டாந்திருக்கிறயே, முந்தானியில சுத்திக்கினு. அது இன்னா எண்ணெ?

— நீயே சொல்லு. நீதான் டெக்னிக்கு தெரிஞ்சவனாச்சே.

— நல்லெண்ணெ.

— நல்லெண்ணெ ஊத்தி இந்தப் புழுதியில நாலு சுத்து சுத்தினா, சங்கிலி எள்ளுருண்டை மாதிரி ஆயிடும். உறையாது, ஆனா பிசுபிசுன்னு மண்ண இழுத்து வெச்சுக்கும். அப்பால அத்த சுரண்டணும்.

— கடலெண்ணெ?

— அதுவும் அதே கதைதான். நாலு நாள்ல கோந்து.

— வேப்பெண்ணெ?

— ஊத்து. அந்த நாத்தத்துக்கு சாயந்தரம் வர்ற அம்பது பொம்பளைங்களும் தேரடி பக்கமே தலை வெக்க மாட்டாங்க. எனக்கு அது பரவால்ல. உனக்கு?

— சும்மா விளையாடாத. எனக்கு முழங்கால் விட்டுப் போவுது. வெடிகாலம் ரெண்டு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் ஒவ்வொரு மிதியும் செங்கல் மிதிக்கிறாப்பல இருக்குது. இன்னும் ரெண்டு ராத்திரி பாக்கி. சங்கிலி அறுந்துச்சுன்னா சைக்கிள் நின்னுடும். நின்னா எல்லாம் போச்சு.

— இன்னா போச்சு? ஒரு சைக்கிளும் மில்லு வேலையும்தானே?

— உனக்குத் தெரியாதா இன்னா போகும்னு?

— தெரியாது. உன் வாயால சொல்லு.

— இரு, பெரிய வட்டம் ஒண்ணு போட்டுட்டு வர்றேன். உமாபதி முறைக்கிறான்.

— ஓடு, ஓடு. பதில் சொல்ல வேண்டிய நேரத்துலதான் உனக்கு எப்பவும் வேலை வரும்.

— அண்ணி, வணக்கம்! டீ சாப்பிடறீங்களா?

— வேணாம்பா. நீதான் உமாபதியா? இன்னா, மேடையில இருந்து ஒவ்வொரு படியா புடிச்சுக்கினு எறங்கி வர்ற?

— தொடை ரெண்டும் புடிச்சுக்கிச்சு அண்ணி. காலைல எழுந்து நிக்கவே முடியல.

— மைக்கு புடிச்சா கைதானே வலிக்கும்?

— அது... பனி அண்ணி. பனி ஒத்துக்கல.

— ஓஹோ. பனி தொடையில மட்டும் எறங்கிச்சா?

— ஹி ஹி. அண்ணி தமாஷா பேசறாங்க தனசேகரு!

— வந்துட்டேன். உமாபதி, நீ போய் மைக்க பாரு. இவகிட்ட வாய் குடுக்காத.

— போறேன்பா. போர்வைய மேடையில காய வெச்சிருக்கேன், நயினாரு ஆளு வந்தா சொல்லு. பனியில ரெண்டு போர்வையும் நனைஞ்சு போச்சு.

— ரெண்டா? ராத்திரி அவருக்கும் போர்வை, உனக்கும் போர்வையா?

— போர்வை, குல்லா ரெண்டும் ஜோடியா வாங்கினோம் காந்தா. காதை மூடற குரங்கு குல்லா. கண்ணு மட்டும்தான் தெரியும். மார்கழியில மைதானத்துல சும்மாவா?

— ஜோடியா வாங்கினீங்களா. நல்லது. இப்ப சொல்லு. நின்னா இன்னா போகும்?

— நீ போயிடுவ.

— நான் போய் எட்டு மாசம் ஆச்சு.

— வரமாட்ட. போதுமா? போன ஆடியில நீ பொட்டி தூக்கும்போது இன்னா சொன்ன? 'ஒரு காரியத்த, ஒரே ஒரு காரியத்த, கடைசி வரைக்கும் முடிச்சுக் காட்டு. அன்னிக்கே வர்றேன்'னு சொன்ன. சொன்னியா இல்லையா?

— ஆடி இல்ல, வைகாசி. கணக்கையாவது ஒழுங்கா வெச்சுக்கோ. ஆமா, சொன்னேன். ஏன் சொன்னேன்? தையல் கத்துக்கிறேன்னு போன. ஒரு கை வெச்ச சட்டையோட வந்த. இன்னொரு கை எங்கய்யான்னு கேட்டா, வாத்தியாரு ஊருக்குப் போயிட்டாருன்ன. பாட்டரி ரேடியோ ரிப்பேரு கத்துக்கிறேன்னு எங்கப்பன் ரேடியோவ பிரிச்ச. இன்னிக்கு வரைக்கும் அது முறத்துல கிடக்குது. இந்தி படிக்கிறேன்னு போன. பாதியில விட்டுட்டு, அப்பால ஊரே இந்திய எதுத்து ஊர்வலம் போனப்போ, நான் மூணு மாசம் முன்னாடியே எதுத்துட்டேன்னு மார்தட்டின!

— அது உண்மைதானே?

— வாய மூடு. இதெல்லாம் நான் சிரிச்சுட்டேன். அந்தப் புடவைக்கு மட்டும் சிரிக்க வரலய்யா.

— காந்தா...

— எனக்காக நெய்யறேன்னு நீயா ஆரம்பிச்ச. நான் கேக்கல. அரக்கு உடம்பு, மாம்பழக் கலரு கரை. தெரு பூரா சொல்லிட்ட. நானும் கரை நூலு நாடாவ எறிஞ்சு குடுக்க பக்கத்துல உக்காந்தேன், விரலெல்லாம் வெடிச்சுது. உடம்பு முடிஞ்சுது. முந்தானி ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கு எழுந்து போனவன் தறிக்குத் திரும்பல. ரெண்டு வருஷம்! பாவு நூலு தறியிலயே கிடந்து எலி கடிச்சுது. முந்தானி இல்லாத புடவைய யாரு கட்டுவாங்க? எதுக்குய்யா விட்ட?

— பயம் வந்துடும் காந்தா. கடைசி முழம் வரும்போது எழுந்து ஓடிடலாம்னு இருக்கும். முடிச்சுட்டா எல்லாரும் பாப்பாங்க. இவ்வளவுதானான்னு சொல்லுவாங்க. முடிக்காத வரைக்கும் நல்லா இருக்கும்னு நெனைச்சுக்கலாம்.

— எட்டு வருஷ கல்யாணத்துல இன்னிக்குத்தான் இத்த சொல்ற.

— எண்பத்தேழு மணி நேரம் தூக்கம் இல்ல. வாயில தானா வருது.

— சரி. அழுதுடாத, சங்கிலி துருப் புடிக்கும். எண்ணெய பாப்போம். இது வெளக்கெண்ணெ.

— வெளக்கெண்ணெயா! பேதிக்கு குடிக்கிறதா?

— நீ குடிக்காத. சங்கிலிக்குக் குடு. இந்தா, புட்டியக் கவுத்துப் பாரு, எவ்வளவு பனியிலயும் உறையாது. எங்கப்பன் கடையில எல்லா டின்னும் கட்டி தட்டிக்கினு உக்காந்திருக்கும், இது மட்டும் அசையும்.

— அசையுது, ஆனா கஞ்சி மாதிரி இல்ல அசையுது? இத்த போட்டா மிதிக்கவே முடியாதே.

— அதுக்குத்தான் மண்ணெண்ணெ. மூணு பங்கு இது, ஒரு பங்கு அது. கலந்தா தளர்ந்து கொடுக்கும், சங்கிலிக் கண்ணிக்குள்ள எறங்கும். மண்ணெண்ணெ காத்துல போயிடும், இது உள்ள நின்னுடும். மாட்டு வண்டி அச்சுக்கு இதத்தான் போடறாங்க. நயினாரு கண்டிசனுக்கும் பழுதில்ல. செக்குல ஆட்டினது, பூமியில ஊறினது. ரெண்டுலயும் உசிரு போகல.

— நீ ஒரு கில்லாடி காந்தா.

— உமாபதி! அந்தப் பெட்ரோமாக்ஸ் வெளக்குக்கு வெச்சிருக்கிற மண்ணெண்ணெய கொண்டாப்பா! ஒரு பழைய துணியும்!

— இதோ அண்ணி! ...பெரியோர்களே! தாய்மார்களே! இதோ, வீரருக்குத் துணையாக வீராங்கனை ஒருவர் களத்தில் குதித்துவிட்டார்! பாரி வள்ளலென எண்ணெய் வார்க்கும் அந்தப் பெண் குலத் திலகம் வேறு யாருமல்ல, வீரரின் இல்லத்தரசி காந்தாமணி அம்மையார் அவர்கள்!

— என் பேரு காந்தாதான். மணி எங்கேருந்து வந்திச்சு? அந்த ஆள எறங்கி வரச் சொல்லு, இல்ல இந்த மண்ணெண்ணெய அந்த மைக்கு மேல ஊத்திடுவேன்.

— உமாபதி, மைக்க அணைச்சுட்டு வாடா!

— வந்துட்டேன், வந்துட்டேன். இந்தாங்க அண்ணி மண்ணெண்ணெ.

— நீ எதிர்ப்பக்கம் ஓடி வா. ஓட முடியுமா? தொடை வலியாச்சே. சரி, நொண்டிக்கினே வா. துணிய மண்ணெண்ணெயில நனைச்சு சங்கிலி மேல புடி. தேங்கா எண்ணெ பூரா கழண்டு வரணும். இந்தாய்யா, நீ மெதுவா மிதி! குதிரை வண்டியா ஓட்டற?

— இதுக்கு மேல மெதுவா போனா சாஞ்சுடுவேன்.

— நான் புடிச்சுக்கறேன். சீட்ட புடிச்சுக்கறேன். மிதி.

— ஐயோ அண்ணி, விரலு! விரலு மாட்டிக்கப் போவுது!

— கத்தாதப்பா. கீழ்ப்பக்கம் புடி, பல்லுகிட்ட போகாத. வருது பாரு, வெள்ளை வெள்ளையா. போதும், துணிய எடு. இப்ப நான் ஊத்தறேன். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. உன்ன மாதிரி குடம் குடமா இல்ல.

— புடவை கரியாவுது காந்தா.

— இது முந்தானி இருக்கிற புடவைதான், பரவால்ல. மிதி... இன்னொரு சுத்து... ம். பின்னால ஒரு தபா மிதி. இப்ப?

— சத்தமே இல்ல, காந்தா. சத்தமே வரல! வெண்ணெ மாதிரி போவுது. உமாபதி, கேளுடா!

— ஒண்ணுமே கேக்கலியே!

— அதுதான்டா கேளுங்கறேன்!

— உமாபதி, இப்ப போய் எனக்கு ஒரு டீ வாங்கியா. அப்போ வேணாம்னேன், இப்ப வேணும். சக்கரை தூக்கலா. மெதுவா போ, மெதுவா வா.

— சரி அண்ணி. இன்னிக்கு வேகமா போறதுக்கு எனக்கும் தெம்பு இல்ல.

— மைக்கு அணைஞ்சிருக்குதா?

— அணைஞ்சிருக்குது. ஏன் காந்தா?

— சின்ன வட்டமா வா. என்னைச் சுத்தி. ம், அப்படித்தான். கைய நீட்டினா என் தலை எட்டுதா?

— எட்டுது.

— வை.

— எதுக்கு?

— வைய்யா. வெச்சுக்கினே சுத்து. இப்ப சொல்லு, 'ஞாயித்துக்கிழம சாயந்தரம் ஏறினவன், இந்த நிமிஷம் வரைக்கும் நிக்காம சுத்தறேன்'னு. அவ்வளவுதான். சொல்லிட்டன்னா சனிக்கிழம ஆறு மணிக்கு பொட்டியோட வந்து கயித்துகிட்ட நிப்பேன். எங்கப்பன் தடுத்தாலும் நிப்பேன்.

— நிஜமாவா?

— நான் எப்ப பொய் சொன்னேன்?

— இரு, ஒரு சுத்து சுத்திட்டு சொல்றேன்.

— ஒரு சுத்து ஆச்சு. சொல்லு.

— இன்னும் ஒண்ணு.

— ரெண்டு சுத்து. கை எங்க? தலையில காணோம்.

— எடுத்துட்டேன்.

— ஏன்?

— ஊர்க்காரன்கிட்ட சொல்லிடுவேன். நயினாருகிட்ட கூட சொல்லிடுவேன். உன் தலை மேல வெச்சு வரமாட்டேங்குது.

— இன்னா வரமாட்டேங்குது?

— நேத்து ராத்திரி... மூணு மணிக்கு நான் இங்க இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல. உமாபதி ஒரு வாடகை சைக்கிள்ல என் பங்குக்கு சுத்தினான். குல்லா போட்டா யாருன்னு தெரியாதில்ல. காவலுக்கு இருக்கிற நயினாரு ஆளு தூங்கிக்கினு இருந்தான். போச்சா? இதுவும் பாதியில போச்சா? சிரி. வயிறு குலுங்க சிரி.

— எங்க போன?

— எங்கயும் இல்ல. டீக்கடைக்கு.

— டீக்கடைக்கு.

— ஆமா. குளிரு தாங்கல. ஒரு டீ குடிச்சேன்.

— ஒரு மணி நேரமா, ஒரு டீய?

— ரெண்டு டீ.

— அந்த டீக்கடை வாசல்ல கருங்கல்லு பாவியிருக்குதா?

— இன்னா கேக்கற?

— எங்கப்பன் வூட்டு வாசல்ல பாவியிருக்குது. இன்னிக்கு வெடிகாலம் அஞ்சு மணிக்கு வெளக்கு எடுத்துக்கினு கோலம் போட வந்தேன். நான் புள்ளி வெக்கிறதுக்கு முன்னாடியே எவனோ வெச்சுட்டுப் போயிருக்கான். கல்லு மேல, ஒரே இடத்துல, கும்பலா, ஒம்பது புள்ளி. வெள்ளையா. தொட்டா வழுக்குது. மோந்து பாத்தேன். தேங்கா எண்ணெ.

— ரோட்டுல போன எவன் சைக்கிளாவது சொட்டியிருக்கும்.

— ஓடற சைக்கிள்லேருந்து ஒம்பது சொட்டு ஒரே இடத்துல விழாதுய்யா. பாலாத்துக் காத்துல அங்க ஒருத்தன் ரொம்ப நேரம் நின்னிருக்கான். இந்த ஜில்லாவுல சங்கிலிக்கு தேங்கா எண்ணெ ஊத்தறவன் எத்தன பேரு?

— கால தரையில வெக்கல காந்தா. சத்தியமா. உங்க வூட்டு படிக்கல்லு மேலதான் ஊணி நின்னேன். சைக்கிள விட்டு எறங்கவே இல்ல.

— நின்னவன் கதவ தட்டறதுக்கு இன்னா?

— தட்டணும்னா எறங்கணும். எறங்கினா நீ வரமாட்டன்னு சொல்லியிருந்தியே.

— அடப் பைத்தியக்காரா! உன்ன வெச்சுக்கினு நான் இன்னாதான்யா பண்றது?

— மாமா பாத்துட்டாரா அந்தப் புள்ளிய?

— அவரு எழுந்து வர்றதுக்குள்ள அந்த ஒம்பது புள்ளிய வெச்சே கோலத்த இழுத்துட்டேன். கோணலாத்தான் வந்திச்சு. ஆனா முடிச்சுட்டேன்.

— அப்ப சனிக்கிழம...?

— உமாபதி டீயோட வர்றான், வாய மூடிக்கினு மிதி. இன்னிக்கு ராத்திரியும் நீ அங்க வந்து நிப்பன்னு எனக்குத் தெரியும். வெளக்கெண்ணெதான் கல்லுல சொட்டினா வெள்ளையா நிக்காது, தண்ணி தெளிச்சாப்பல இருக்கும், எங்கப்பன் கண்ணுல படாது. அதுக்குத்தான்யா கடையில இருக்கிற அத்தன எண்ணெயையும் விட்டுட்டு இத்த எடுத்தாந்தேன்.